மேனாம்பேடு வேம்புலியம்மாளும் இரண்டு விளக்குகளும்

1989 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேனாம்பேட்டில் ஒரு சந்துக்குள், மூடியிருந்த கதவொன்றின் முன்னால் ஆனந்தன் நின்றுகொண்டிருந்தான். இதை எழுதுகிறவன்தான் அந்த ஆனந்தன். குத்தம்பாக்கத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, எம்.ஏ. சைக்காலஜியும் முடித்து, தலையில் அடிபட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கையில் ஒரு பட்டியல். அதில் இருபத்தெட்டாவது பெயர் வீராசாமி, வயது முப்பத்தைந்து, பவர் பிரஸ் ஆபரேட்டர்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம். துணி துவைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். துவைக்கிற கல்லுக்கு மூச்சு வாங்காது என்பது சற்றுப் பிறகே உறைத்தது. தட்டலாமா வேண்டாமா என்று அவன் முழித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓர் ஆள் வெளியே வந்தான். வழித்துச் சீவிய தலையில் இடது நெற்றிக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பள்ளம். எலும்பு இல்லாத அந்த இடத்தில் தோல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“யாரு சார் ஓணும்?” என்று மரியாதையாகக் கேட்டான். விவரம் சொன்னதும், “நான்தான் சார் வீராசாமி. உள்ள போய் குந்துங்க. ஒரு டீ அடிச்சிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தான்.

உள்ளே சுவரோரமாக ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, உள்ளங்கையில் துப்பினாள். ரத்தத்தோடு பாதிப் பல் விழுந்தது. அதை ஜலதாரையில் போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, வந்தவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு நைனா நீ? ஓட்டர் லிஸ்ட்டா?”

“இல்லக்கா. நான் எம்.ஏ. சைக்காலஜி.”

“அப்படின்னா இன்னா வேலை அது?”

மூளையில் அடிபட்டால் ஒருவருடைய குணமும் யோசனையும் எப்படி மாறுகிறது என்பதை டாக்டர் ஞானகுமாரி என்பவர் ஆராய்ந்து வருவதையும், மேற்குப் புறநகரில் அடிபட்ட ஆண்களை ஆவடியில் ஒரு கூடத்துக்கு வரவழைத்துச் சோதனை செய்வதையும் ஆனந்தன் விளக்கினான். அந்தப் பெண், வீராசாமியின் மனைவி வேம்புலியம்மாள், முழுவதும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தாளால நிறுத்த முடியலியா, இல்ல நிறுத்த மாட்டேன்றானா? உங்க படிப்புல அத்த கண்டுபுடிக்க முடியுமா?”

முடியும் என்றான் ஆனந்தன். எம்.ஏ. முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முடியாது என்று சொல்ல அவனுக்கு அப்போது தெரியாது.

அவளுக்கு அது வெறும் கேள்வி இல்லை. நிறுத்த முடியவில்லை என்றால் அது வியாதி. வலிப்பு வந்தவன் கை பட்டால் யாராவது கோபித்துக்கொண்டு போவார்களா? கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம். நிறுத்த மாட்டேன் என்கிறான் என்றால், பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுவாள். தாட்சாயிணிக்கு எட்டு வயது. கொஞ்ச நாளாக அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தாள். போன வாரம் அவள் காதிலிருந்து ரத்தம் வந்தது. இருப்பதா போவதா என்பதை வேம்புலியம்மாள் இனிமேல் தள்ளிப்போட முடியாது.

வீராசாமி முன்னெல்லாம் இப்படி இல்லை. 1979இல் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இரண்டே தடவைதான் கை நீட்டியிருக்கிறான், அதையும் அவள் விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் சாமான்களுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் பிரஸ் ஓட்டினான். பத்து விரலும் முழுசாக இருந்த ஆபரேட்டர் அந்த ஷாப்பில் அவன் ஒருவன்தான் என்று பெயர்.

1987 நவம்பரில் வேலைநிறுத்தம். நாற்பதாவது நாள் காலையில், வெளியூர் ஆட்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் தொழிலாளர்கள் வேனை மறித்தார்கள். கண்ணாடி உடைந்ததும் இரண்டு பக்கமும் இரும்பு இறங்கியது. வீராசாமி சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு வீசினான். வேனிலிருந்து குதித்த ஒருவனுடைய தாடை அதில் பிளந்து தொங்கியது. அவன் மண்ணில் கிடந்து தன் பற்களைத் தேடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த நிமிஷம் ஜாக்கி ராடு ஒன்று வீராசாமியின் நெற்றியில் இறங்கியது. பூசணிக்காய் உடைகிற மாதிரி சத்தம் கேட்டதாகக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்பைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தோலை மூடித் தைத்தார்கள். பத்தொன்பது நாள் பேச்சு இல்லை. இருபதாம் நாள் கண் விழித்து, கஞ்சி கொண்டுபோன வேம்புலியம்மாளைத் தூக்குவாளியாலேயே அடித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு வாசனை தெரியவில்லை. கருவாடு கருகினாலும் தெரியாது. தலைவலி வந்தால் சுவரில் முட்டிக்கொள்வான். கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவில்லை. வேம்புலியம்மாள் எஸ்டேட்டின் பின்வரிசையில் ஒரு சின்ன ஷாப்பில் வாஷர் பொறுக்கி அடுக்கும் வேலைக்குப் போனாள். வேலைக்குப் போனதற்கு அடி. தாமதமாக வந்ததற்கு அடி. சாம்பாரில் உப்புக்கு அடி. அவளும் சும்மா இருந்தவள் இல்லை. ஒரு தடவை கொதிக்கிற வடிகஞ்சியை அவன் முதுகில் ஊற்றினாள். அதற்குக் கிடைத்ததை அவள் யாரிடமும் சொல்வதில்லை. அந்தக் கோபத்தைச் சில நாள் தாட்சாயிணி மீதும் காட்டியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மார்ச் மாதம் அவனை ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் ஒரு மேஜை. அதன்மேல் ஆனந்தன் தன் கையாலேயே செய்த பெட்டி. பலகையில் இரண்டு பல்பு, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. கீழே காலிங் பெல் பொத்தான். பச்சை எரிந்தால் உடனே அழுத்த வேண்டும், சிவப்பு எரிந்தால் அழுத்தக் கூடாது. நூறு தடவை விளக்கு எரியும். அதில் இருபது தடவை சிவப்பு. அழுத்தப் போகிற கையைப் பிடித்து நிறுத்துவது மூளையின் முன்பக்கத்து வேலை. அந்தப் பக்கத்தில் அடிபட்டவர்கள் எவ்வளவு தூரம் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை.

வேம்புலியம்மாள் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீராசாமி நன்றாகத்தான் ஆரம்பித்தான். வேகம் ஏற ஏற அவன் கை அவன் சொல்லைக் கேட்கவில்லை. இருபது சிவப்பில் பதினேழுக்கு அழுத்திவிட்டான். கடைசியில், “இன்னாடா பெட்டி இது, கஸ்மாலம்” என்று பொத்தானைக் குத்தியதில் பலகை விரிசல் விட்டது.

அதற்கு முன் இருபத்தேழு பேரைச் சோதித்ததில் யாரும் ஒன்பதைத் தாண்டவில்லை. ஆனந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் ஞானகுமாரி, “ஒரு சோதனையை வச்சு முடிவு கட்டக் கூடாது ஆனந்தன்” என்றார். ஆனாலும் எண்ணைப் பார்த்துவிட்டு, மூளைக் காயத்தால் இவருக்குத் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வேம்புலியம்மாளுக்குப் புரிகிற மாதிரி சொல்லும் வேலை ஆனந்தனுடையது.

“அக்கா, அவர் மூளையில பிரேக் புடிக்கிற இடத்துலதான் அடிபட்டிருக்கு. அவர் வேணும்னு அடிக்கல.”

அவள் அழுதாள். பக்கத்தில் நின்ற வீராசாமி அழவில்லை. அந்தச் சொல்லை அவன் பிடித்துக்கொண்டான்.

கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். யாராவது தட்டிக் கேட்டால் எடுத்துக் காட்டுவான். “இத்த படி. எனக்குப் பிரேக் இல்ல. கவர்மெண்ட்டு டாக்டரம்மாவே எய்திக் குட்த்துகீது.” முன்பு வாரத்துக்கு ஒரு நாள் இருந்தது மூன்று நாளானது. முன்பு அடித்துவிட்டு ஒரு வார்த்தையாவது வருத்தமாகச் சொல்வான். இப்போது அதுவும் இல்லை. இடுக்கியால் அவள் தோள்பட்டையைத் திருகினான். அம்மிக்குழவியை எறிந்ததில் இடது கை எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வேலைக்குப் போனாள். ஷாப்பில் கேட்டவர்களிடம், பாவம், அவருக்கு மூளையில் பிரேக் இல்லை என்றுதான் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

1990 ஏப்ரலில் அவள் தம்பி துலுக்கானம் அண்ணனூரிலிருந்து வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாமே, நீ இன்னா மன்சனா?” என்று கேட்டான். வீராசாமி எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். திரும்பி வந்து, மூலையில் இருந்த சைக்கிள் பம்ப்பை எடுத்து, துலுக்கானத்தின் முகத்தில் அடித்தான். ஒரு அடி இல்லை, ஏழெட்டு. வேம்புலியம்மாள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். தாட்சாயிணி கையைக் கடித்தாள். துலுக்கானத்தின் வலது கண் ரத்தக்கட்டியாக வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் வீராசாமி கடிதத்தை நீட்டினான். அங்கே இருந்தவர் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, மூளை சரியில்லாத ஆளை வீட்டிலேயே ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளும்படி வேம்புலியம்மாளுக்குத்தான் புத்தி சொல்லி அனுப்பினார்.

துலுக்கானத்தின் ரத்தத்தைத் தரையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தபோது அவள் மனதில் ஒன்று உறுத்தியது. பிரேக் இல்லாத ஆள் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டானே, ஏன்? அன்று மட்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்றைக்குமே அப்படித்தான். டீக்கடைக்காரன் வீராசாமியைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான், அவனை இவன் அடித்ததில்லை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவன் இவன் சட்டையைப் பிடித்திருக்கிறான், அவனையும் அடித்ததில்லை. உறுத்தல் இருந்தது. ஆனால் எம்.ஏ. படித்தவனும் டாக்டரம்மாவும் சொன்னதற்கு எதிராக அவள் எதைச் சொல்ல முடியும்? மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

ஜூன் மாதம் ஷாப்பில் ஓர் ஆபரேட்டர் நின்றுவிட்டார். ஃபோர்மேன் இக்னேஷியஸ், வேம்புலியம்மாளை வாஷர் அடுக்குகிற இடத்திலிருந்து எழுப்பி பவர் பிரஸ்ஸில் உட்கார வைத்தார். எஸ்டேட்டில் அப்போது நிறைய ஷாப்புகளில் பிரஸ்ஸுக்கு மேலே இரண்டு விளக்கு இருக்கும். மிஷின் மேலே ஏறி நின்றுவிட்டால் பச்சை. அப்போது கையை உள்ளே விட்டு, அடித்த துண்டை எடுத்து, புதுத் தகட்டை வைக்கலாம். சிவப்பு வந்தால் கை வெளியே இருக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும்.

“தங்கச்சி, பச்சையில கால அசைச்ச, கை போய்டும். சிவப்புல மிதிக்கல, வேலை போய்டும். அவ்ளோதான் பாடம்,” என்றார் இக்னேஷியஸ். அவருக்கு வலது கையில் மூன்று விரல்தான். அதனால் அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை.

முதல் வாரம் ஒவ்வொரு தகட்டுக்கும் விளக்கைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். இரண்டாவது வாரம் காலும் கையும் தானாகவே பழகிக்கொண்டன. மூன்றாவது வாரம் ஒரு நாள், எதையோ நினைத்துக்கொண்டே வேலை செய்தவள், நானூறு துண்டு அடித்திருப்பதைப் பார்த்தாள். யோசிக்காமலே நடந்திருக்கிறது. சிவப்பு என்றால் மிதி. பச்சை என்றால் மிதிக்காதே. அந்த இடத்தில் அவளுக்குச் சட்டென்று ஆவடி மேஜையும் அந்தப் பெட்டியும் கண் முன்னால் வந்தன. மிஷினை நிறுத்திவிட்டாள். பின்னாலிருந்து இக்னேஷியஸ் கத்தியது அவள் காதில் விழவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆவடிக்குப் போய் ஆனந்தனிடம் சொன்னாள். உன் பெட்டியில் பச்சைக்கு அழுத்து, சிவப்புக்கு அழுத்தாதே. எங்கள் ஷாப்பில் தலைகீழ், அவர் ஓட்டின பிரஸ்ஸிலும் அப்படித்தான். பதினோரு வருஷம் சிவப்புக்கு மிதித்த ஆள், உன் பெட்டியில் சிவப்புக்கு அழுத்தாமல் என்ன செய்வான்?

ஆனந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. அது காலால் மிதிப்பது, இது கையால் அழுத்துவது என்றான். இந்தச் சோதனை உலகம் பூராவும் செய்கிறார்கள் என்றான். இதெல்லாம் சயின்ஸ் அக்கா, நமக்குத் தோன்றுவதையெல்லாம் சொல்லக் கூடாது என்று கொஞ்சம் குரலையும் உயர்த்தினான்.

“சயின்ஸா? எந் தம்பி கண்ணு போச்சு. உன் சயின்ஸ பாக்கெட்ல வச்சிகினுதான் நோண்டி எட்த்தான். நீ ஒரு நாளு வந்து எம் மிஷின்ல குந்து நைனா. அப்பறம் உன் பெட்டிய பத்திப் பேசு.”

அடுத்த அறையிலிருந்து டாக்டர் ஞானகுமாரி வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வீராசாமியின் தாளை எடுத்துவரச் சொன்னார். இருபது சிவப்பில் பதினேழு தப்பு என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு எண் இருந்தது. எண்பது பச்சையில் இருபத்தாறுக்கு அவன் அழுத்தவே இல்லை.

“பிரேக் போன வண்டி நிக்காது, ஆனந்தன்,” என்றார் டாக்டர். “இவர் இருபத்தாறு தடவை நின்னிருக்கார். இதை நீயும் பார்க்கல, நானும் பார்க்கல.”

ஆனந்தன் பட்டியலை எடுத்துப் பார்த்தான். அதுவரை சோதித்தவர்களில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கொத்தனார்கள், அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை செய்த இருவர். பிரஸ் ஓட்டியவன் வீராசாமி ஒருவன்தான்.

டாக்டர் முதலில் வேம்புலியம்மாளையே பெட்டியின் முன் உட்கார வைத்தார். விஷயம் தெரிந்த அவளே பதினான்கு சிவப்புக்கு அழுத்தினாள். அவள் தெரிந்துகொண்டே செய்திருக்கலாம் என்பதால், அடுத்த சனிக்கிழமை அவள் ஷாப்பிலிருந்து ஒன்றும் தெரியாத நாலு பேரை வரவழைத்தார்கள். இக்னேஷியஸ் பதினாறு, மற்றவர்கள் பதினொன்றுக்குக் குறையவில்லை. அவர்கள் யாருக்கும் தலையில் அடிபட்டதில்லை. பிறகு ஆனந்தன் பெட்டியைத் திருப்பி மாட்டினான், சிவப்புக்கு அழுத்து, பச்சைக்கு நிறுத்து என்று. வருஷாந்திரச் சோதனை என்று சொல்லி வீராசாமியைக் கூப்பிட்டார்கள். இருபது தடவை நிறுத்த வேண்டிய இடத்தில் பத்தொன்பது தடவை அவன் கை நின்றது.

டாக்டர் வேம்புலியம்மாளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். தாங்கள் சொன்னது தப்பு என்று முதலில் சொன்னார். காயம் பொய் இல்லை, தலைவலியும் சீக்கிரம் கோபம் வருவதும் அந்தக் காயத்தாலேயே இருக்கலாம். ஆனால் அவரால் கையை நிறுத்தவே முடியாது என்பதற்கு இனி எந்த ஆதாரமும் இல்லை.

“நிறுத்துன்னு சொன்னா கை நிக்குதும்மா. இந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் தெரியும். வீட்டில் ஏன் நிக்கலங்கிறதை இது சொல்லாது.”

“தாழ்ப்பா போட்டுட்டுதான் டாக்டரம்மா அடிக்கிறாரு. அதுக்கு மட்டும் பிரேக் கீதா?”

டாக்டர் ஒரு தாளை எடுத்தார். பழைய கடிதத்தை ரத்து செய்து புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. வேம்புலியம்மாள் கேட்கவும் இல்லை. பெட்டிக்குத் தெரியாததைத் தானே பார்த்துவிடுவது என்று அவள் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் டீக்கடைக்குப் போயிருந்த நேரம், ஷாப்பிலிருந்து கொண்டுவந்த திருப்புளியால் கதவுத் தாழ்ப்பாளின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினாள். தாழ்ப்பாளைக் கிணற்றடிப் புதரில் எறிந்தாள். தாட்சாயிணியின் துணியையும் தன் துணியையும் ஒரு ஒயர் கூடையில் அடைத்து, பெண்ணைக் கூடையோடு வாசலுக்கு எதிரே இருந்த அடிபம்ப்புப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். தண்ணீர் பிடிக்க வந்த கூட்டம் அங்கே குடத்தோடு நின்றுகொண்டிருந்தது. வீராசாமி வந்ததும் புதுக் கடிதத்தை அவன் முன்னால் வைத்துப் படித்துக் காட்டினாள்.

பாதியிலேயே அவன் ஊதாங்கோலை எடுத்துவிட்டான். வலது கையை ஓங்கிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தி, பழக்கத்தில் இடது கையைத் தாழ்ப்பாளுக்கு நீட்டினான். அங்கே நாலு ஓட்டைதான் இருந்தது. கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. வெளியே இருபது முகம். வேம்புலியம்மாள் நகரவில்லை. தலைக்கு மேலே இரும்புக் குழல் நிற்பதை அண்ணாந்து பார்த்தாள். அது இறங்கினால் மண்டை போகும் என்று தெரியும். அது இறங்கவில்லை. நின்றது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வரை எண்ணினாள்.

“கதவ இன்னாமே பண்ண?” என்று அவன் தாழ்ந்த குரலில் கேட்டான். பிறகு கையை இறக்கி, ஊதாங்கோலை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை, ஊட்டுச் சண்டை, போங்க என்றான்.

அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. வெளியே வந்து, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனூருக்கு நடந்தாள்.

பதினோராவது நாள். ஷிப்ட் முடிந்து, ஷாப்புக்குப் பின்னால் கழிவுத் தகடு கொட்டிவைத்திருக்கும் சந்து வழியாக அவள் வந்தபோது வீராசாமி அங்கே காத்துக்கொண்டிருந்தான். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். கையில் கழிவுக் குவியலிலிருந்து உருவிய தகட்டுப் பட்டை, ஒரு முழ நீளம், ஓரமெல்லாம் பிளேடு. கழுத்தைப் பார்த்து வீசினான். அவள் இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். உள்ளங்கை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது வீச்சு தோளில். மூன்றாவது விழுவதற்குள் பையிலிருந்த ஸ்பானரால் அவன் முழங்காலில் அடித்தாள். சில்லு உடைந்து அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தலைமேல் ஓங்கினாள். ஓங்கிய கையை அவளே இறக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு இக்னேஷியஸும் பெண்களும் ஓடிவந்தார்கள். அவர்களைக் கண்டதும் வீராசாமி தகட்டைக் கீழே போட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினான். “எனக்குப் பிரேக் இல்லீங்க.”

பழைய கடிதம். இக்னேஷியஸ் அதை வாங்கவில்லை. பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். போலீஸ் வரும்வரை அடித்தார்கள். இந்தத் தடவை ஸ்டேஷனில் இரண்டு கடிதம் இருந்தது. புதியது வேம்புலியம்மாளிடம் ரத்தக்கறையோடு.

வழக்கு 1992இல் விசாரணைக்கு வந்தது. வீராசாமியின் வக்கீல் பழைய கடிதத்தை வைத்துத்தான் வாதாடினார். டாக்டர் ஞானகுமாரி கூண்டில் ஏறி, அது தன் கையெழுத்துதான், அதில் இருப்பது தவறு என்று சொன்னார். அடுத்து ஆனந்தன். படிப்பு என்ன என்று கேட்டார் வக்கீல். எம்.ஏ. என்றான். அந்தப் பெட்டியைச் செய்தது யார்? நான்தான். அது தவறான பெட்டி என்று எந்தப் பேராசிரியர் கண்டுபிடித்தார்?

“வேம்புலியம்மாள் கண்டுபிடிச்சாங்க.”

“அந்த அம்மா என்ன படிச்சிருக்காங்க?”

“மூணாவது.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தனுக்குக் காது சுட்டது. எம்.ஏ. என்று சொல்லும்போது வழக்கமாக நிமிரும் தலை அன்று நிமிரவில்லை. வீராசாமிக்கு மூன்று வருஷம் தண்டனை கிடைத்தது.

டாக்டரின் ஆராய்ச்சிக் கட்டுரை மறுவருஷம் வெளியானது. கையை நிறுத்தும் சோதனையைத் தொழிலாளர்களிடம் செய்வதற்கு முன், அவர்கள் வேலையில் எந்த நிறத்துக்கு எதைச் செய்து பழகியிருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்பதற்கு அதில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். ஆராய்ச்சி விதிப்படி பெயர் போடவில்லை; அம்பத்தூரைச் சேர்ந்த பிரஸ் தொழிலாளி ஒருவர் சுட்டிக்காட்டியது என்று மட்டும் இருந்தது. ஆனந்தன் அந்தப் பக்கத்தை அண்ணனூருக்குக் கொண்டுபோய்க் காட்டினான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது வர்றதுக்கு துலுக்கானத்துக்கு ஒரு கண்ணு, எனக்கு ஒரு கை. ரொம்ப ஜாஸ்தி நைனா,” என்றாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

இப்போது 1997. வேம்புலியம்மாள் அண்ணனூரில் துலுக்கானத்தின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அதே பின்வரிசை ஷாப்பில் பதினெட்டுப் பெண்களுக்கு மேஸ்திரி. தாட்சாயிணி ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு காது சரியாகக் கேட்காது. வீராசாமி தண்டனை முடிந்து வந்து, பூந்தமல்லியில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறான்.